வேருக்குத் திரும்பினார்களாம்!

‘வேர்களுக்குத் திரும்பிவிட்டார்கள்’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஆல்பம் போட்டால் போதும், அதன் ரசிகர்கள் இந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். 2016 டிசம்பரில் ‘புளூ அண்ட் லோன்சம்’ வந்தபோது சொன்னார்கள். 2023 அக்டோபரில் ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ வந்தபோது அதன் கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு மறுபடியும் சொன்னார்கள். நான் கேட்பது ஒன்றுதான். யாருடைய வேர்?

இந்தக் குழு 1962இல் லண்டனில் தொடங்கியது. ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்ற பெயரே அவர்களுடையது அல்ல. மடி வாட்டர்ஸ் 1950இல் பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பு அது. மடி வாட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளைக்காரப் பண்ணையில் வாரத்துக்கு உழுது, டிராக்டர் ஓட்டிப் பிழைத்த கறுப்பர். 1943இல் பண்ணையை விட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே கிதாரை மின்சாரத்தில் இணைத்து அவர் எழுப்பிய ஓசைதான் கடல் தாண்டி லண்டன் பிள்ளைகளின் காதில் விழுந்தது. 1961இல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் மறுபடி சந்தித்துக்கொண்டபோது ஜாகர் கையில் இருந்தவை சக் பெரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். கதை தொடங்குவதே கறுப்பர்களின் தட்டிலிருந்துதான்.

ரசிகர்கள் என்ன பேசுகிறார்கள்? ‘ஹேக்னி டயமண்ட்ஸ்’ பற்றிய பேச்சையே எடுத்துக்கொள்வோம். 2005க்குப் பிறகு சொந்தப் பாடல்களோடு வந்த முதல் ஆல்பம் என்கிறார்கள். எண்பது வயதிலும் ஜாகரின் குரல் தளரவில்லை என்று வியக்கிறார்கள். 2021இல் இறந்துபோன சார்லி வாட்ஸின் டிரம்ஸ் இல்லாமல் இது ஸ்டோன்ஸே இல்லை என்று ஒரு கட்சி. 1981இன் ‘டாட்டூ யூ’வுக்குப் பிறகு இதுதான் சிறந்தது என்று இன்னொரு கட்சி. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் ஒலியைப் பளபளவென்று தேய்த்துக் கெடுத்துவிட்டார் என்று மூன்றாவது கட்சி. எல்லாம் சரிதான்யா, பேசட்டும். ரசனைக்கு நான் எதிரி இல்லை. எனக்கும் அந்தக் கடைசிப் பாட்டு பிடித்தது. மடி வாட்டர்ஸின் அதே 1950 பாட்டை ஒரு கிதாரும் ஒரு ஹார்மோனிகாவும் வைத்து ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும் பாடுகிறார்கள். ‘வட்டம் முழுமையடைந்தது’ என்று ரசிகர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். அந்த வட்டத்துக்குள் மடி வாட்டர்ஸ் எங்கே நிற்கிறார்? அவர் 1983லேயே செத்துப்போனார். இவர்கள் திரும்பி வருகிற வீட்டைக் கட்டியவர் அவர். ஆனால் பேச்சில் அவர் அந்த வீட்டின் அஸ்திவாரக் கல்லாக மட்டுமே இருக்கிறார். கல்லுக்குக் கூலி கிடையாது, பேச்சும் கிடையாது.

‘வெள்ளைக்காரன் பாட்டுக்கும் நம் இதழுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் பிறந்தபோது அது தன் பெயரை அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்தது என்பதை உரக்கச் சொல்லியே எடுத்துக்கொண்டது. கடன் வாங்குவது குற்றமில்லை. கடன் கொடுத்தவன் பெயரை அழிப்பதுதான் குற்றம்.

அழித்தார்களா? அழித்தார்கள். ராபர்ட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் 1936லும் 1937லும் டெக்சாஸ் மாநிலத்தில் 29 பாடல்களைப் பதிவு செய்தார். 1938இல், 27 வயதில் இறந்துபோனார். அவர் பாட்டு ஒன்றை ஸ்டோன்ஸ் 1969இல் ‘லெட் இட் பிளீட்’ ஆல்பத்தில் பாடினார்கள். பழைய பதிப்புகளில் எழுதியவர் என்று போட்டிருந்த பெயர் வுடி பெய்ன். அப்படி ஒரு கவிஞனே கிடையாது, அது வெறும் புனைபெயர். இன்னொரு பாட்டை 1972இல் ‘எக்சைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ ஆல்பத்தில் பாடினார்கள். அங்கே என்ன போட்டார்கள் தெரியுமா? ‘மரபுப் பாடல். இசை அமைப்பு: ஜாகர், ரிச்சர்ட்ஸ், வைமன், டெய்லர், வாட்ஸ்.’

மரபு! தமிழ் எம்.ஏ. படித்தவன் நான். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவனுக்குக்கூட அவன் பாட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள் என்று பாடம் கேட்டவன். இங்கே நடந்தது நேர் தலைகீழ். பெயர் தெரிந்த மனிதன், பெயரோடு இசைத்தட்டு வந்த மனிதன். செத்து முழுதாக முப்பத்தைந்து வருஷம்கூட ஆகவில்லை. அவனை மரபாக்கிவிட்டார்கள். ஐந்து வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் உண்டு, கறுப்பனுக்குப் பதில் ‘மரபு’ உண்டு. மரபுக்குப் பசிக்காது. மரபுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. மரபு வந்து ராயல்டி கேட்காது.

இது ஏதோ அச்சுப்பிழை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு பாட்டுகளின் பதிப்புரிமையை வைத்திருந்த கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் நின்று வாதாடியது. 1930களிலேயே இசைத்தட்டாக விற்றுவிட்டதால் ஜான்சனின் பாட்டுகள் பொதுச்சொத்து ஆகிவிட்டன என்பது வாதம். 2000இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஜான்சனின் மகன் அதுவரை எங்கே இருந்தார்? மிசிசிப்பியில் ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் வாரிசு என்று ஒரு நீதிமன்றம் 1998இல் தீர்ப்புச் சொன்னது. ரசிகர்கள் சொல்கிறார்களே ‘வேர்’ என்று, அந்த வேர் ஜல்லி லாரி ஓட்டியது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழு மற்றவர்களைவிட மோசம் இல்லை. பல விஷயங்களில் மேல். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அழைத்தபோது, ஹவ்லின் உல்ஃப்பையும் மேடையேற்ற வேண்டும் என்று கேட்டு வாங்கி, அவர் பாடும்போது அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அப்போது உல்ஃப்புக்கு 54 வயது. 1981இல் சிகாகோவின் செக்கர்போர்டு விடுதியில் மடி வாட்டர்ஸோடு மேடையேறிப் பாடினார்கள். ‘புளூ அண்ட் லோன்சம்’ பன்னிரண்டு பாட்டுகளும் மற்றவர்களுடையவை என்பதை மறைக்கவில்லை. மடி வாட்டர்ஸே இந்தப் பிள்ளைகளால்தான் வெள்ளைக்காரர்கள் தன்னைக் கேட்க வந்தார்கள் என்று நன்றி பாராட்டியவர்.

ரசிகர்கள் இந்த நன்றியைத்தான் கேடயமாக நீட்டுகிறார்கள். ‘அவரே சந்தோஷப்பட்டார், உனக்கென்ன வந்தது?’ என்கிறார்கள். எனக்கு வந்தது இதுதான்: நன்றி வேறு, நீதி வேறு. தன் சொந்த நாட்டில், தன் சொந்தப் பாட்டைத் தன் சொந்த மக்களுக்கு அப்பால் கேட்கவைக்க ஒரு கறுப்பருக்கு லண்டன் வெள்ளைப் பிள்ளைகளின் சிபாரிசு தேவைப்பட்டது என்றால், அதில் கொண்டாட என்ன இருக்கிறது? அந்த நன்றிக்குள் இருப்பது அமெரிக்க நிறவெறியின் மீதான குற்றப்பத்திரிகை. அதைப் பாராட்டுப் பத்திரமாக வாசிப்பவர்கள் ரசிகர்கள்.

பெயர் போட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. வில்லி டிக்சன் எழுதிய ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பாட்டை ஸ்டோன்ஸ் பாடி 1964 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். பெயர் இருந்தது. ஆனால் பாட்டின் பதிப்புரிமை அவரைப் பதிவு செய்த கம்பெனிக்காரர்களின் பதிப்பகத்திடம் இருந்தது. டிக்சனும் மடி வாட்டர்ஸும் 1970களில் அந்தப் பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டுத்தான் தங்கள் பங்கைக் கேட்க வேண்டியிருந்தது. 1985இல் லெட் செப்பலின் என்ற இன்னொரு பிரிட்டிஷ் குழுவின் மேலும் டிக்சன் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. வழக்கோடு அவர் வேறு என்ன செய்தார் என்பதும் முக்கியம். தன்னைப்போல் ஏமாந்த புளூஸ் கலைஞர்கள் தங்கள் உரிமையை மீட்க உதவுவதற்கென்றே ஒரு அறக்கட்டளை அமைத்தார். 1992இல் அவர் இறந்த பிறகு, 1993இல், அவர் குடும்பம் சிகாகோவின் பழைய செஸ் ஒலிப்பதிவுக் கூடத்தை அதற்காக வாங்கியது. 1964இல் ஸ்டோன்ஸ் பக்தியோடு போய்ப் பதிவு செய்தார்களே, அதே கட்டடம். வேருக்குத் திரும்புவது என்றால் இதுதான் திரும்புவது. திரும்பிப் போய் உரிமைப் பத்திரத்தைக் கேட்பது.

‘புளூ அண்ட் லோன்சம்’ மூன்றே நாளில் லண்டனில் பதிவானது. பிரிட்டனில் முதலிடம் போனது. 2018இல் ‘சிறந்த மரபு புளூஸ் ஆல்பம்’ என்று கிராமி விருது வாங்கியது. பாருங்கள், இங்கேயும் அதே சொல், மரபு! அந்த ஆல்பத்தின் நான்கு பாட்டுகள் லிட்டில் வால்ட்டர் பாடிப் பதிவு செய்தவை. அவர் 1968இல் ஒரு தெருச் சண்டைக்குப் பிறகு, 37 வயதில் செத்துப்போனார். 23 வருஷம் அவர் புதைகுழிமேல் ஒரு பெயர்க்கல் கிடையாது. 1991இல்தான் கல் வைத்தார்கள். வைத்தது எந்தக் கம்பெனியும் இல்லை, எந்தக் குழுவும் இல்லை. இரண்டு ரசிகர்கள்.

ரசிகர் என்றால் எனக்கு அவர்கள்தான் ரசிகர்கள். ஐந்து நட்சத்திரமா மூன்று நட்சத்திரமா என்று அடித்துக்கொள்கிறவர்கள் நுகர்வோர். டிரம்ஸ் சரியில்லை என்று கண்டுபிடிக்கிற காதுக்கு, அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று வாசிக்கிற கண்ணும் வேண்டும். யாரு எழுதுனது? காசு யாருக்குப் போச்சு? இந்த இரண்டு கேள்வியும் இல்லாத ரசனை சுரண்டலுக்குக் கைதட்டுகிற ரசனை.

இனி யாராவது உங்களிடம் ‘அவர்கள் வேருக்குத் திரும்பிவிட்டார்கள்’ என்று சொன்னால் வேரின் பெயரைக் கேளுங்கள். மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட் என்று சொல்லட்டும், அதுதான் மடி வாட்டர்ஸின் சொந்தப் பெயர். செஸ்டர் பர்னெட் என்று சொல்லட்டும், அதுதான் ஹவ்லின் உல்ஃப். பெயர் தெரியாதென்றால் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.