எந்தக் குமார்?

சென்ற விடுமுறையில் கிள்ளானில் ஒரு சமூக அமைப்புக்கு உதவப் போனேன். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் விவரங்களை எக்செல் பட்டியலிலிருந்து எடுத்து, பிடிஎஃப் பாரத்தில் தானாக நிரப்பும் ஒரு சிறு நிரலைப் பைத்தானில் எழுதிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தால், விண்ணப்பதாரர், தந்தை, தாய் என மூன்று கட்டங்களிலும் மாணவியின் பெயரே! எல்லாரும் சிரித்தார்கள். பார்க்காமல் அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் என்னவாகியிருக்கும்?

தவறு என்னுடையதுதான். பிடிஎஃப் பாரத்தின் கட்டங்கள் ஒரு குடும்ப மரம்போல அமைந்தவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறுபெயர் உண்டு; மேலே இருக்கும் தாய்க் கட்டத்தின் பெயரோடு புள்ளி வைத்துச் சேர்த்தால்தான் அது முழுப்பெயராகும். ‘பெமொஹோன்.நாமா’ என்றால் விண்ணப்பதாரர் பெயர், ‘இபு.நாமா’ என்றால் தாயின் பெயர். புள்ளிக்கு இந்த வேலை இருப்பதால், சிறுபெயருக்குள் புள்ளி வரக்கூடாது என்கிறது 2008-இல் வெளியான ஐஎஸ்ஓ 32000 தரம். நானோ வெறும் ‘நாமா’ என்று தேடினேன். நான் பயன்படுத்திய நிரல் தொகுப்பு, அந்தச் சிறுபெயர் கொண்ட எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டது.

இது வசதிதானே என்று நண்பன் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜாவாவில் உள்ள பிடிஎஃப்பாக்ஸ் முழுப்பெயரைத்தான் எதிர்பார்க்கும். பொருந்தாவிட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்று கையை விரித்துவிடும். தவறாக நிரப்புவதைவிட அந்தக் கறார் எவ்வளவோ மேல்.

நமக்கு இது புதிதும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் நின்று “குமார்!” என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புவார்கள்! அதனால்தான் பாட்டிமார் “எந்தக் குமார்? யார் மகன்?” என்று கேட்கிறார்கள். நம் மைகார்டில் வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யும் அந்தக் கேள்விக்கான பதில்தான். (குடும்பப் பெயர் கேட்கும் வெளிநாட்டுப் பாரங்களில் நாம் படும் பாடு தனிக் கதை.)

பாரம் தயாரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. ‘டெக்ஸ்ட்1’, ‘டெக்ஸ்ட்2’ என்று மென்பொருள் வைத்த பெயரையே விட்டுவிடுகிறார்கள். எந்தக் கட்டம் யாருடையது என்று ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்போதெல்லாம் எந்தப் பாரம் கைக்கு வந்தாலும், முதலில் அதன் கட்டங்களின் முழுப்பெயர்களை எல்லாம் அச்சிட்டுப் பார்க்கிறேன். கிள்ளான் பாரத்துக்கு அந்தப் பட்டியல் இரண்டு பக்கம் வந்தது. அதில் ‘நாமா’ மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது.