பெயரில் உழைப்பாளர், முடிவில் மந்திரி நாற்காலி

தேர்தலில் வென்று, மூன்றே ஆண்டுகளில் ஆளும் கட்சிக்குள் கரைந்துபோன ஒரு கட்சியின் கதை நமது தென்னாற்காட்டு மண்ணிலேயே உண்டு. சுரங்கத்திலும் ஆலையிலும் வயலிலும் பாடுபடும் தோழர்கள் அதை அறிந்துகொள்வது அவசியம்.

1951ல் எஸ்.எஸ்.ராமசாமி படையாச்சி தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி பிறந்தது. தென்னாற்காடும் சேலமும் அதன் கோட்டைகள். வட ஆற்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியை நடத்தினார். இரண்டுக்கும் பின்னால் திரண்டவர்கள் பெரும்பாலும் வன்னிய மக்கள். சிறு நிலக்காரர்கள், குத்தகை விவசாயிகள், கூலிகள். கல்வியிலும் சர்க்கார் வேலையிலும் தங்களுக்குப் பங்கு இல்லையே என்ற அவர்களது மனக்குறை நியாயமானது. அதை யாரும் ஏளனம் செய்ய முடியாது.

1952 தேர்தலில் சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. மெஜாரிட்டி இல்லை. உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் 6 இடங்களையும் பிடித்தன. காங்கிரசை எதிர்த்து மக்கள் கொடுத்த வோட்டுகள் இவை. ஆனால் நடந்தது என்ன? அதே ஆண்டில் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் அமர்ந்தார். 1954ல் காமராஜர் மந்திரிசபையில் படையாச்சியும் மந்திரியானார். இரு கட்சிகளும் காங்கிரசில் கலைந்தன.

தலைவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. மக்களுக்கு? மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென 20 சதவீத ஒதுக்கீடு 1989ல்தான் வந்தது. அதுவும் 1987ல் சாலை மறியலில் இறங்கி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்ப்பலி கொடுத்த பிறகு! மந்திரி பதவிக்கும் அந்த உத்தரவுக்கும் இடையில் 35 ஆண்டுகள்.

நிலத்தின் கதையும் இதுவே. கட்சி கலைந்த இரண்டாம் ஆண்டில், 1956ல், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957ல் சுரங்க வேலை தொடங்கியது. அந்த வோட்டர்களின் கிராமங்கள் பலவும் சுரங்கத்துக்குப் போயின. நிலத்துக்கு நியாயமான ஈடு, வீட்டுக்கொரு வேலை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரம் என்ற குரல் இன்றுவரை ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெற்பயிர்மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது.

உழைப்பாளர் என்ற பெயர் நல்ல பெயர். ஆனால் ஒரே வரப்பில் நாற்று நடும் ஊர்த் தெருக் கூலியையும் சேரிக் கூலியையும் ஒரே ஸ்தாபனத்தில் சேர்க்காத வரை அது பெயராகவே நிற்கும். ஜாதியின் பேரால் திரட்டிய பலத்தை ஒரு தலைவர் கையோடு எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம்; பேரம் பேச ஒருவர் போதும். கிளைதோறும் கணக்குக் கேட்கும் சங்கத்தை அப்படி எளிதில் விற்க முடியாது.

எனவே தோழர்களே, வோட்டுக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்கள் கோரிக்கை நிறைவேறும் வரை எங்களோடு நிற்பீர்களா, நாற்காலி கிடைக்கும் வரையா?