பிளக் கொடுக்கும் முன்: ஃபேர்லேண்ட்ஸ் பகுதி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

மின்சாரத்தில் ஓடும் கைக்கருவிகளில் அதிகக் கவனம் கேட்பது 4 அங்குலக் கிரைண்டர். தொழிலாளர் வழக்கில் ஏஜி-4. கம்பி அறுக்க, வெல்டிங் பிசிறு தேய்க்க, டைல்ஸ் வெட்ட, பைப் பதிக்கச் சுவரில் காடி எடுக்க, அவசரத்துக்கு மரம் அறுக்கக்கூட இதுதான் கைக்கு வருகிறது. விலை அதிகமில்லை, எடையும் இல்லை, இடுக்கிலும் நுழையும். இத்தனை வசதியும் சேர்ந்ததாலேயே, பயந்து கையாள வேண்டிய பொருள் இது என்ற நினைப்பு யாருக்கும் வருவதில்லை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தனி வீடுகள் அடுக்குமாடிகளாகவும் கிளினிக்குகளாகவும் கடைகளாகவும் மாறும் வேலை ஆண்டு முழுவதும் நடக்கிறது. கிரில், டைல்ஸ், மாடுலர் கிச்சன் என்று ஏதாவது ஒன்று பக்கத்துத் தெருவிலாவது ஓடிக்கொண்டிருக்கும். வேலைக்கு வருபவர் மெஷினைக் கொண்டுவருகிறார், மின்சாரம் வீட்டுக்காரருடையது. எச்சரிக்கைகள் எல்லாம் மெஷினைப் பிடிப்பவரை நோக்கியே எழுதப்படுவது வழக்கம். தினக்கூலிக்கு வந்து அன்றைக்கே முடித்துவிட்டுப் போக வேண்டியவரால் சரிசெய்ய முடிந்தது கொஞ்சம்தான். ஸ்விட்ச்போர்டு, எர்த், வேலை செய்யும் இடம், நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அவசரம், இவை வீட்டுக்காரர் கையில் இருக்கின்றன. ஆகவே இப்பகுதிக் குடியிருப்போர் சார்பில் விடுக்கப்படும் இந்த வேண்டுகோள் முதலில் பிளக் பாயிண்ட் கொடுப்பவருக்கு. அடுத்துத்தான் மெஷின் பிடிப்பவருக்கு.

முதலில் பார்க்க வேண்டியது பிளக். பல மெஷின்களின் ஒயர் நுனியில் பிளக்கே இருக்காது. ஒயரின் இரண்டு முனைகளையும் சீவி, சாக்கெட் துளைக்குள் நேராகச் சொருகி, கழன்று விழாமல் தீக்குச்சியை இடுக்கி வைப்பது சேலத்திலும் நாமக்கல்லிலும் அன்றாடம் காணும் காட்சி. ஒயரை யாராவது காலால் இடறினால் ஒரு முனை வெளியே வந்து தொங்கும். மற்றது உள்ளேயே இருக்கும். தொங்குவது 230 வோல்ட் முனையா இல்லையா என்பது தொட்டவருக்குத்தான் தெரியும். பிளக் இல்லாத மெஷினுக்கு வீட்டில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிடலாம். கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பிளக் வாங்கி மாட்டக் கால் மணி நேரம் போதும். அந்தச் செலவை வீட்டுக்காரரே ஏற்பதில் தவறில்லை. மெஷினின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது, இரண்டு முனை பிளக்கே போதும். அந்தக் குறி இல்லாததற்கு எர்த் முனையுடன் மூன்று முனை பிளக் கட்டாயம்.

அடுத்தது ஆர்.சி.சி.பி. மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் எம்.சி.பி. ஷாக்கிலிருந்து காப்பாற்றும் என்று நம்புவோர் நிறைய. அது ஒயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டி ஓடினால்தான் அது விழத் தொடங்கும். மனித உடலில் 50 முதல் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். உடலில் கரண்ட் பாய்ந்துகொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. அசையாமல் நிற்கும். ஆர்.சி.சி.பி. வேலை செய்யும் விதமே வேறு. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், வேறெங்கோ, ஒருவேளை ஓர் ஆளின் வழியாக, தரைக்குப் போகிறது என்று கொண்டு இணைப்பை உடனே துண்டிக்கிறது. அதன் முகப்பில் ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும்; அழுத்தியும் விழாவிட்டால் அது அலங்காரப் பொருள். பழைய வயரிங் கொண்ட வீடுகளில் இது பொருத்தப்படாமலே இருக்கலாம். வீடு முழுவதற்கும் மாற்ற இப்போது வசதியில்லை என்றால், வேலைக்கு விடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மட்டுமாவது ஒன்றை மாட்டித் தரலாம். எர்த் குழியும் கோடையில் காய்ந்து பாறையாகிவிடும். சேலம் மண்ணுக்கு இது புதிதல்ல. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவருவது நல்லது.

ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் எங்கே அதிகம் தேவை என்றால், டைல்ஸ் வெட்டும் இடத்தில். ஒருவர் குந்தி உட்கார்ந்து கட்டிங் மெஷினை ஓட்டுவார். உதவியாள் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலைப் பிழிந்து பிளேடின் மேல் ஊற்றிக்கொண்டிருப்பார். தூசு அடங்கவும் பிளேடு சூடாகாமல் இருக்கவும் தண்ணீர் வேண்டியதுதான். அதை நிறுத்தச் சொல்வது தப்பான யோசனை. ஆனால் ஈரத்தரை, வெறுங்கால், சேற்றில் கிடக்கும் டேப் சுற்றிய ஒயர் இணைப்பு மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஒயர் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது, ரப்பர் செருப்பாவது காலில் வேண்டும், ஆர்.சி.சி.பி. இல்லாமல் தண்ணீர் விட்டு வெட்டவே கூடாது. நீளமான மெல்லிய ஒயரில் மெஷினை ஓட்டுவதும் கெடுதல். மாடியிலிருந்து வாசல் வரை இழுத்த ஒல்லியான ஒயரில் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் சூடேறும், சுருட்டியே கிடக்கும் ஒயர் உருகும். 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயரை முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

இனி மெஷின். 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். வீலின் சுற்றளவு 31 சென்டிமீட்டர். ஆக அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 207 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓமலூர் நெடுஞ்சாலையில் எந்தக் காரும் போகாத வேகம். வீல் உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் கிளம்பும். அவற்றைத் தடுத்து வேறு பக்கம் திருப்பத்தான் அந்த இரும்பு கார்டு. ஆனால் மெஷின் வாங்கிய அன்றே கழற்றி எறியப்படுவது அதுதான். கார்டு இருந்தால் வெட்டும் கோடு தெரியவில்லை, மூலைக்குள் போகவில்லை என்று காரணம் சொல்வார்கள். காரணம் பொய்யல்ல. ஆனால் கார்டைக் கைப்பிடிப் பக்கமோ மறுபக்கமோ திருப்பிவைக்க முடியும். கழற்ற வேண்டிய தேவை அபூர்வம். பெரிய வீல் மாட்டுவதற்காகக் கழற்றுவது இன்னும் மோசம். 7 அங்குல வீலில் நொடிக்கு 80 மீட்டர் என்ற வேக வரம்பு அச்சிட்டிருக்கும். அதை 11,000 சுற்று ஓடும் சிறிய மெஷினில் மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். துளையும் பொருந்தாது: 4 அங்குல வீலின் துளை 16 மில்லிமீட்டர், பெரியதன் துளை 22. வாஷர் வைத்துச் சரிக்கட்டிய வீல் நடு விலகிச் சுற்றும், சுற்றச் சுற்ற விரிசல் விடும்.

மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவதை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் இடமின்றி மறுக்க வேண்டும். கட்டிங் வீல் பொருளைத் தேய்த்து அறுக்கிறது. பல் பிளேடு கொத்திக் கடிக்கிறது. ஒரு பல் மரக்கணுவிலோ ஆணியிலோ மாட்டினால் பிளேடு நிற்கும், அதன் வேகம் முழுவதும் மெஷினுக்குத் திரும்பும். மெஷின் எகிறும். எகிறும் திசையில் இருப்பது பிடித்திருப்பவரின் தொடை, வயிறு, கழுத்து. மரத்துக்கு வட்ட ரம்பம் தனியாக இருக்கிறது; அதில் தானே மூடிக்கொள்ளும் காப்பும் இருக்கிறது. பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடிப்பது, வீல் சுற்றும் தளத்துக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நிற்பது, இவையும் இந்த எகிறலுக்காகவே சொல்லப்படுகின்றன.

கரண்ட் போகும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பாதி வேலையில் கரண்ட் போனால் மெஷினை அப்படியே தரையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கம். நகர்த்தும் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே நிற்கும். கரண்ட் வந்ததும் ஆளில்லாத மெஷின் தரையில் துள்ளிக்கொண்டு ஓடும். பக்கத்தில் குழந்தை நின்றாலும் மெஷினுக்குத் தெரியாது. கரண்ட் போன மறுகணம் பிளக்கைப் பிடுங்குவது எல்லோருக்கும் பழக்கமாக வேண்டும். வீல், டிரில் பிட் மாற்றும்போதும் இதே விதி.

உடை விஷயத்தில் ஊர்ப்பழக்கம் குறுக்கே வரும். மணிக்கட்டில் கோயில் கயிறு, கழுத்தில் தொங்கும் துண்டு, முழுக்கைச் சட்டையின் திறந்த பட்டன் எல்லாம் சுழலும் டிரில்லுக்கு இரை. கயிற்றை அவிழ்ப்பது மனசுக்கு ஒவ்வாதென்றால் முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம். டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறை கூடாது. நூல் சுற்றினால் விரலோடு இழுக்கும். கண்ணுக்கு பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் போதாது. இரும்புப் பொறி கண்ணில் விழுந்தால் தீக்குச்சி முனையாலும் வேட்டி நுனியாலும் எடுத்துவிடும் கைராசிக்காரர்கள் ஒவ்வொரு பட்டறையிலும் உண்டு. அவர்களிடம் கண்ணைக் கொடுக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தூசு உடனே வலிக்காததால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கிரானைட், டைல்ஸ், காங்கிரீட் எல்லாவற்றிலும் சிலிகா இருக்கிறது. சமையல் மேடைக்கு இப்போது விரும்பிப் போடப்படும் குவார்ட்ஸ் ஸ்லாப்பில் அது 90 சதவீதத்தைக்கூட எட்டும். உலர வெட்டும்போது கிளம்பும் நுண்தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடைசெய்துவிட்டது. முகத்தில் கட்டிய கைக்குட்டை இந்தத் தூசைத் தடுக்காது, என்-95 முகமூடி வேண்டும். தெருவில் வைத்து உலர வெட்டினால் அந்தத் தூசு எதிர்வீட்டுக்கும் போகிறது.

சத்தமும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கவும் விதி இடம் தருகிறது. கிரைண்டர் பிடித்திருப்பவரின் காதருகே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அறிவிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இத்தனை மருத்துவமனைகள் நிறைந்த ஃபேர்லேண்ட்ஸில் இரவு வேலை வேண்டாம், மதியம் சற்று நிறுத்தலாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. வேலை செய்பவர் காதுக்குப் பஞ்சு போதாது, காதடைப்பான் தர வேண்டும்.

பராமரிப்புக்கு ஆயுத பூஜையைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. நாமக்கல் லாரிப் பட்டறைகள் முதல் சேலம் விசைத்தறிக் கூடங்கள் வரை கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள். துடைப்பதோடு நிற்காமல் மெஷினின் காற்றோட்டத் துளைகளில் அடைந்த தூசை பிளோயரால் ஊதி எடுக்கலாம். கார்பன் பிரஷ் கால்வாசிக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பொறி அதிகம் பறந்து ஆர்மேச்சர் கெடும். தலைப்பகுதி கியருக்கு கிரீஸ், ஒயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் விரிசல், சக் சாவி, எல்லாம் பார்க்கலாம். பிசின் கலந்த கட்டிங் வீலுக்குக் காலாவதி உண்டு, நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பதித்திருக்கும். பெரும்பாலும் தயாரித்த 3 ஆண்டுக்குள். ஈரம் பட்டதையும் கீழே விழுந்ததையும் வீசிவிட வேண்டும். சந்தனம் குங்குமத்தைக் கைப்பிடியில் வைக்கலாம். காற்றுத் துளையில் தெளித்தால் மோட்டாருக்குள் போகும்.

வீட்டில் சொந்தமாக டிரில் வைத்திருப்போருக்கு ஒன்று: ஸ்விட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடக் கூடாது, சுவருக்குள் ஒயர் அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. பேட்டரி டிரில்லை சேலத்து மே மாத மொட்டை மாடியிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைத்து சார்ஜ் செய்யக் கூடாது.

வேலைக்கு வருபவர் 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேட்பது தலையீடு அல்ல. கொத்தனார், தச்சர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என 18 முதல் 60 வயது வரையிலானோர் சேரலாம். இணையத்தில் விண்ணப்பம் போடத் தெரியாதவருக்கு வீட்டிலுள்ள இளையவர் உதவலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நடக்கலாம். ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு வண்டி வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். விரல் துண்டானால் அதைத் தேடி எடுக்க வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்த காலத்திலிருந்து தமிழ்நாட்டு மருத்துவம் இதில் வெகுதூரம் வந்துவிட்டது. துண்டான விரலை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து வீணாகும். ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து, காயம்பட்டவரோடு சேர்த்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். விரல் துண்டான நேரத்தைப் பையின் மேல் பேனாவால் எழுதிவிட்டால் மருத்துவர் மறுபடி கேட்க வேண்டியிருக்காது.