இரவில் எடுக்கப்படாத அவசர எண்



சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23 இரவு மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 2025 ஜூனில், 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கூடாது என்ற நிபந்தனையோடு குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது மகளிர் நீதிமன்றம். அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்ததால் கிடைத்த நீதி இது. ஆனால், அவரது விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்ததே, அதை எப்படி மறப்பது? ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம் இன்னும் எத்தனை பெண்களின் வாயைக் கட்டிப்போட்டிருக்கும்!

புகாருக்குப் பின் இப்படி என்றால், குற்றத்தைத் தடுக்கும் ஏற்பாடுகள் எப்படி? என் மகள் படிக்கும் கல்லூரியில், அடையாள அட்டையின் பின்புறம் அவசர எண் ஒன்று அச்சாகியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் அலுவலகத்தின் எண் அது. நூலகமோ எட்டு மணி வரை திறந்திருக்கிறது. அங்கிருந்து விடுதிக்குப் போகும் பாதையில் விளக்குகள் சரியாக எரிவதில்லை. வாசலில் வண்டி எண்ணை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். உள்ளே போனவர் திரும்பி வந்தாரா என்று பார்க்க ஆளில்லை.

கேமரா மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் நினைப்பது பெரும் தவறு. கேமரா நடந்ததைக் காட்டும், ஓடிவந்து காப்பாற்றாது. இருட்டுமுன் விடுதிக்குத் திரும்பச் சொல்லிப் பெண்களை அடைத்து வைப்பதும் பாதுகாப்பு ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் அடையாள அட்டையில் உள்ள எண்ணை இன்றிரவே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காவிட்டால், நாளையே கல்லூரி முதல்வருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

- ஒரு மாணவியின் தாய், தாம்பரம்.