தெரு நாய்க்கு வீடு கிடைக்குமா?

வளர்த்த நாய் செத்துப்போனால் வீடே வெறிச்சென்று ஆகிவிடும். "இனி நாயே வேண்டாம்" என்பாள் அம்மா. சங்கிலி மட்டும் மூலையில் தொங்கும்.

டெல்லியில் அப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரு வழி பிறந்தது. 2025 ஆகஸ்டு 11-ந் தேதி, தெரு நாய்களை எல்லாம் பிடித்து அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 22-ந் தேதி உத்தரவு மாறியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது அந்த உத்தரவு. வெறிநாய்க்கும், பாய்ந்து கடிக்கும் நாய்க்கும் அந்தச் சலுகை கிடையாது.

விரும்புகிறவர்கள் மாநகராட்சியில் மனுக் கொடுத்து, தெரு நாயை எடுத்து வளர்க்கலாம். ஆனால் ஒன்று: அது மறுபடி தெருவுக்கு வரக்கூடாது!

இது லேசான காரியம் அல்ல. தெருவில் திரிந்த நாய், முதலில் கட்டிலுக்கு அடியில் பதுங்கும். "நம்ம மோத்தி இப்படியா செய்தது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மோத்தி குட்டியில் வந்தது. இது அடிபட்டு வந்தது. மோத்தி என்ற பெயரை இதற்கு வைக்காமல் இருப்பதே நல்லது.