காசு இருந்தா மட்டும் போதுமா? கடைசி பெஞ்சு காலேஜ் சாம்பியன் ஆன கதை!

அமெரிக்க காலேஜ் புட்பாலில் பெரிய அணிகளிலேயே அதிகமாக உதை வாங்கிய அணி எது? 2025 சீசன் தொடங்கும்வரை எல்லோரும் இண்டியானா பல்கலைக்கழகத்தைத்தான் கை காட்டினார்கள். 700-க்கும் மேல் தோல்வி! அதே அணி 2026 ஜனவரி 19-ந் தேதி மியாமியை 27-21 என்று சாய்த்து தேசிய சாம்பியன் ஆனது. அந்த சீசனில் ஆடிய 16 ஆட்டத்திலும் வெற்றி!

இது நம்ம ஊர் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரியை முட்டி மோதி ஓடும் ஆட்டம். ஆடுவது மாணவர்கள். புழங்குவது கோடிகள்.

மாணவருக்குச் சம்பளம்

முன்பெல்லாம் ஆட்டக்காரருக்குப் படிப்புச் செலவு மட்டும்தான் கிடைக்கும். 2021 ஜூலையில் விளம்பரத்தில் சம்பாதிக்க அனுமதி வந்தது. கோர்ட்டு ஒப்புதலோடு 2025 ஜூலை 1 முதல் காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கிறது. முதல் வருடத்துக்கு ஒரு காலேஜின் உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். காலேஜ் விட்டு காலேஜ் தாவுவதும் சுலபமாகிவிட்டது.

"இனிமே ஒஹாயோ ஸ்டேட், அலபாமா மாதிரி பெரிய கைகள்தான் ஜெயிக்கும். மத்தவங்க கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்ற பேச்சு கிளம்பியது.

பணம் கவிழ்த்தது

பணமே போதும் என்றால் டெக்சாஸ் ஏ அண்டு எம் என்றைக்கோ சாம்பியன் ஆகியிருக்க வேண்டும். ஜிம்போ பிஷர் என்ற பிரபல கோச்சை 2017 டிசம்பரில் கோடிகளைக் கொட்டி அழைத்து வந்தார்கள். கோப்பை வரவில்லை. 2023 நவம்பரில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு ஒப்புக்கொண்ட தொகை 7½ கோடி டாலருக்கு மேல்!

ஆள் பிடித்த சாமர்த்தியம்

அதே மாதக் கடைசியில் இண்டியானா பிடித்தது கர்ட் சிக்னெட்டியை. அப்போது வயது 62. சின்னக் காலேஜ்களில் ஜெயித்துக் காட்டியவர். தான் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்து வந்தார். "நாளைக்குப் பெரிய ஆளா வருவான்" என்ற பேச்சை அவர் நம்பவில்லை. இதுவரை என்ன ஆடினான் என்று பார்த்தார்.

2023-ல் 3 ஆட்டம் ஜெயித்த அணி, 2024-ல் 11 ஆட்டம் ஜெயித்தது. அடுத்து கலிபோர்னியாவிலிருந்து பெர்னாண்டோ மெண்டோசா வந்தார். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 2025-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் பரிசு அவருக்குத்தான்.

இண்டியானா சும்மா ஜெயித்துவிடவில்லை. மார்க் கியூபன் போன்ற பணக்காரப் பழைய மாணவர்கள் கை கொடுத்தார்கள். வேறு யாரும் கோச்சைக் கொத்திக்கொண்டு போகாதபடி, 2025 அக்டோபரில் வருடத்துக்குச் சராசரி 1 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. ஆக, காசு என்பது உள்ளே நுழைய டிக்கெட். ஜெயிக்க வைப்பது ஆளை எடைபோடும் கோச்சும், அவர் பின்னால் நிற்கும் நிர்வாகமும்தான்.

யார் தலையில் விழும்?

ஆனால் இந்தப் போட்டிக்கு ஒரு பில் வரும். புட்பால் போல டிக்கெட்டும் டி.வி. பணமும் தராத நீச்சல், டென்னிஸ் அணிகள் மேல்தான் முதலில் கத்தி பாய்கிறது. கலிபோர்னியாவில் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே கலைத்தது. இந்தப் புதிய செலவையும் ஒரு காரணமாகச் சொன்னது.

இண்டியானாவைப் பார்த்து மற்ற காலேஜ்களும் பணத்தை அள்ளி வீசக் கிளம்பினால், ஜெயிக்கப்போவது ஒரே ஒரு காலேஜ். தோற்கும் காலேஜ்களில், புட்பாலைத் தொடாத பிள்ளைகளும் சேர்ந்து நஷ்டப்படுவார்கள். கல்லாவைத் திறக்கும் முன் நல்ல கோச்சைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்!