1.30 யூரோவும் 2.85 கோடி யூரோவும்

1974இல் உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி கால்பந்து அணியில் ஆடியவர் ஊலி ஹோனஸ். உல்ம் நகரத்து இறைச்சிக் கடைக்காரரின் மகன். முழங்கால் காயத்தால் 27 வயதிலேயே ஆட்டத்தைக் கைவிட்டு, 1979இல் பேயர்ன் மியூனிக் கழகத்தின் மேலாளரானார். பின்னர் அதன் தலைவருமானார். நியூரம்பர்க்கில் சாசேஜ் தொழிற்சாலை நிறுவித் தொழிலதிபராகவும் உயர்ந்தார். உழைப்பால் முன்னேறியவர், வரியை முழுமையாகச் செலுத்தும் நேர்மையாளர் என்று ஊடகங்கள் அவரைக் கொண்டாடின.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்து வங்கியொன்றில் அவருக்கு இரகசியக் கணக்கு இருந்தது. அடிடாஸ் நிறுவனத் தலைவராக இருந்த இராபர்ட் லூயி டிரைஃபுஸ் அளித்த பணமும் பிணையும் அக்கணக்கிற்கு முதலாயின. அதைக் கொண்டு நாணயச் சந்தையில் சூதாடிய ஹோனஸ், ஈட்டிய இலாபத்தை வரித்துறைக்கு மறைத்தார். 2014 மார்ச்சில் விசாரணை தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் இருந்த தொகை 35 இலட்சம் யூரோ. முதல் நாளே அவர் 1.85 கோடி என ஒப்புக்கொண்டார். தீர்ப்பில் அது 2.85 கோடியாயிற்று. மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

‘பணக்காரரும் சிறைக்குச் சென்றாரே, சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டதே’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர் சிறை சென்ற விதத்தை ஆராய்ந்தால் உண்மை விளங்கும். வரி ஏய்த்தவர் தாமே முன்வந்து முழுமையாகத் தெரிவித்தால் தண்டனை இல்லை என்பது ஜெர்மனியின் சட்டம். பெயரை வெளியிடாமலே, வங்கி வழியாக ஒரு தொகையைப் பிடித்தம் செய்து பழைய கணக்குகளை நேர்செய்துகொள்ள வழிவகுக்கும் ஒப்பந்தத்தை மெர்கல் அரசு சுவிட்சர்லாந்துடன் செய்திருந்தது. அதையே ஹோனஸ் எதிர்பார்த்திருந்தார். 2012 நவம்பரில் நாடாளுமன்ற மேலவை அதை நிராகரித்தது. பின்னர் அவசரமாக அளித்த வாக்குமூலம் முழுமையற்றது என நீதிமன்றம் கண்டது. ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால் அவரது பெயரே வெளிவந்திராது. தப்பிக்கும் வாயிலைச் சட்டமே திறந்து வைத்திருந்தது. இவர் கால் இடறி விழுந்தார், அவ்வளவே.

வழக்கு நிலுவையில் இருந்தபோதும் கழகத்தின் மேற்பார்வைக் குழு அவரைத் தலைமையிலிருந்து அகற்றவில்லை. அக்குழுவில் அமர்ந்திருந்தோர் அடிடாஸ், ஃபோக்ஸ்வேகன், ஆடி முதலிய பெருநிறுவனங்களின் தலைவர்கள். அவர்களுள் ஒருவரான ஆடியின் ரூபர்ட் ஸ்டாட்லர், டீசல் புகை மோசடி வழக்கில் 2023இல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் அபராதமும் பெற்றார். ஹோனஸ் 21 மாதங்களில் விடுதலையானார். அதிலும் 2015 தொடக்கம் முதல் பகலில் கழகத்திலேயே பணியாற்றினார். 2016 நவம்பரில் மீண்டும் தலைவரானார்.

இதே நாட்டில், பெர்லின் நகர அங்காடியொன்றில் 31 ஆண்டுகள் பணிபுரிந்த காசாளர் பெண் 2008இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். வாடிக்கையாளர் விட்டுச்சென்ற காலிப்புட்டி இரசீதுகளைப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு, மதிப்பு 1.30 யூரோ. அவர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். கீழமை நீதிமன்றங்கள் நீக்கம் சரியே என்றன. 2010இல் உச்ச தொழிலாளர் நீதிமன்றம் வரை போராடித்தான் வேலையை மீட்டார். அவருக்கு ‘தாமாக முன்வந்து தெரிவிக்கும்’ சலுகை எதுவும் இருக்கவில்லை.

நம் நாட்டிலும் நிலை வேறன்று. 2016இல் மோடி அரசு கொண்டுவந்த வருமான அறிவிப்புத் திட்டம், 45 சதவீதம் கட்டினால் வழக்கில்லை, பெயரும் வெளிவராது என்று உறுதியளித்தது. செல்வ வரி ஜெர்மனியில் 1997 முதல் வசூலிக்கப்படுவதில்லை. இந்தியாவில் 2015 நிதிநிலை அறிக்கை அதை ஒழித்தது. ஏய்த்தவருக்கு மன்னிப்பு, ஏய்க்காதவருக்கும் வரிவிலக்கு என்பதே இதன் பொருள். அரிசிக்கும் மருந்துக்கும் மறைமுக வரி கட்டும் உழைப்பாளிக்கு ஒளிந்துகொள்ள எந்த வங்கியும் இல்லை.

ஹோனஸின் கதையைத் தனிமனிதப் பேராசையின் வீழ்ச்சியாகவே முதலாளித்துவ ஊடகங்கள் எழுதின. அவர் வீழவுமில்லை, பேராசை அவருடையது மட்டுமன்று. பொதுமன்னிப்புத் திட்டங்களுக்கு முற்றுப்புள்ளி, ஏய்ப்போரின் பெயர்ப்பட்டியல் வெளியீடு, செல்வ வரியின் மீட்பு ஆகிய மூன்று கோரிக்கைகளையும் ஒன்றாக மக்களிடம் எடுத்துச் செல்வதே நம் பணி.